ஷிஃப்ட் வேலைக்கு எந்த மாத்திரை?

கேள்வி: தண்டலத்தில் கம்பெனி வேலை; வயது 23. கல்யாணமாகி ஐந்து மாதம். குழந்தையை இரண்டு வருஷம் தள்ளிப்போட நினைக்கிறோம். மாமியாரோ போன் செய்தாலே 'விசேஷம் உண்டா?' என்கிறார். மெடிக்கலில் மாத்திரை கேட்கக் கூச்சம். என்ன செய்வது?

பதில்: கூச்சம் உங்களுக்கு மட்டுமல்ல. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 58 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆணுறை, மாத்திரை, காப்பர்-டி எல்லாம் சேர்ந்தும் பத்து சதவீதத்தை எட்டவில்லை. இரண்டு பெற்றதும் ஆபரேஷன் என்பதே நம் வழக்கம். முதல் குழந்தையைத் தள்ளிப்போடுகிறவளுக்கு யோசனை சொல்ல வீட்டில் ஆளில்லை.

நைட் ஷிஃப்ட் மாறி மாறி வந்தால் தினசரி மாத்திரை மறந்துபோகும். லக்னோ ஆய்வகத்தில் உருவான, ஹார்மோன் இல்லாத 'சாயா' மாத்திரை முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. மூன்று மாதத்துக்கு ஓர் ஊசி 'அந்தரா'. ஊசியை நிறுத்திய பிறகு கரு தங்கச் சில மாதங்கள் ஆகலாம். அதனால் என் ஓட்டு சாயாவுக்கு. இரண்டும் அரசுத் திட்டத்தில் இலவசம். ஸ்ரீபெரும்புதூர் அரசு மருத்துவமனையில் கேளுங்கள். உங்கள் உடம்புக்கு ஒத்துவருமா என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

மாமியாருக்குப் பதில் சொல்லும் பொறுப்பை அவர் மகனிடம் விடுங்கள். மெடிக்கலுக்குப் போகும் பொறுப்பையும்தான்.