குடல் செருகல்: தகப்பன்மார் அறிய வேண்டிய பாடம்



கைக்குழந்தை ஓயாமல் அழுதால் உரம் விழுந்தது என்பார்கள், குடலேற்றம் என்பார்கள். எண்ணெய் தடவி வயிற்றை நீவுவதும், ஓமத் தண்ணீர் புகட்டுவதும் நம் வீடுகளில் வழக்கம். அனேக அழுகைகள் தாமே அடங்கிவிடும். அப்படி அடங்காத நோய் ஒன்று உண்டு. அதற்குக் குடல் செருகல் என்று பெயர்.

சட்டையைக் கழற்றும்போது அதன் கை உள்ளே இழுபட்டு மடிந்துகொள்ளும் அல்லவா? அதுபோலச் சிறுகுடலின் கடைசிப் பாகம் அடுத்துள்ள பெருங்குடலுக்குள் நுழைந்து மாட்டிக்கொள்கிறது. மாட்டிய பாகம் வீங்கும். அதற்கு இரத்த ஓட்டம் குறையும். நேரம் கடந்தால் குடல் அழுகி ஓட்டை விழுந்து, உயிருக்கே ஆபத்தாகும். 3 மாதம் முதல் 3 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கே, அதிலும் ஒரு வயது நிறையாதவர்களுக்கே, இது மிகுதி.

அடையாளங்கள் நான்கு.

1. பிள்ளை திடீரென வீறிட்டு அழுது, கால்களை வயிற்றோடு மடக்கும். சிறிது அடங்கி, 15, 20 நிமிடத்தில் மீண்டும் அழும்.
2. வாந்தி எடுக்கும். பிறகு அது பச்சை நிறமாகலாம்.
3. துவண்டு கிடக்கும். அழுகை நின்றதென்று மகிழ வேண்டாம்.
4. மலத்தில் இரத்தமும் சளியும் கலந்து வரும். இது பிந்தி வரும் அடையாளம், இதற்காகக் காத்திருக்கலாகாது.

நான்கும் எப்போதும் ஒருங்கே வருவதில்லை.

ஆஸ்பத்திரி என்றாலே கத்தி என்று அஞ்சித் தயங்குகிறோம். அந்த அச்சம் இந்நோயில் பெரும்பாலும் வேண்டாதது. ஊசியின்றி, வலியின்றி, வயிற்றின் மேல் ஸ்கேன் கருவியை வைத்தே டாக்டர் நோயைக் கண்டுகொள்கிறார். வளையத்துக்குள் வளையமாகக் குடல் தெரியும். பின்பு ஆசனவாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, அளவான அழுத்தத்தில் காற்றை ஏற்றுவார்கள். செருகிய குடலை அக்காற்றே பின்னுக்குத் தள்ளிவிடும். ஏறத்தாழ பத்தில் எட்டுப் பிள்ளைகளுக்கு இதிலேயே குணமாகிவிடுகிறது. கோப்பன்ஹேகன் நகர டாக்டர் ஹிர்ஷ்ஸ்பிரங், தண்ணீரைக் கொண்டு இவ்வாறு குணப்படுத்தியதை 1876-லேயே எழுதியிருக்கிறார்.

காற்றுக்கு இணங்காவிட்டாலும், குடலில் முன்பே ஓட்டை விழுந்திருந்தாலும் ஆப்பரேஷன்தான் வழி. சில பிள்ளைகளுக்கு அதையும் சிறு துளைகள் வழியாகவே செய்கிறார்கள். குணமான பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்கு நோய் திரும்பக்கூடும். ஆகையால் டாக்டர் சொல்லும் வரை அங்கேயே இருப்பது நல்லது.

இதில் முதல் என்பது நேரம்தான். தாமதிக்கத் தாமதிக்கக் காற்றால் தீரும் வாய்ப்புக் குறைந்து, கத்திக்கு வேலை வருகிறது. கடையடைத்த பிறகு பார்ப்போம், விடிந்தபின் போவோம் என்பது இங்கே பெரும் நஷ்டம். அடையாளம் கண்டால் வயிற்றை நீவாமல், பால் புகட்டாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். ஆம்புலன்ஸுக்குச் சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. துஆவும் செய்வோம், முயற்சியில்லாத தவக்குல் தவக்குல் ஆகாது.

வல்ல அல்லாஹ் நம் மக்களைக் காத்தருள்வானாக! ஆமீன்.