விட்ட குறை, தொட்ட குறை



மாசி மகத்துக்கு மலாக்கா நகரிலிருந்து முருகப் பெருமானின் ரதம் செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு வரும். அந்தக் கூட்டத்தில் நிற்கும் நம்மில் எத்தனையோ பேர் ஒரு காலத்தில் மிருதங்கமோ வயலினோ ஆர்மோனியமோ கற்றவர்கள். தமிழ்ப்பள்ளி நாளில் தொடங்கினோம், எஸ்.பி.எம். வந்ததும் நிறுத்தினோம். அப்புறம் வேலை, ஷிப்ட், ஓவர்டைம். வாத்தியம் அலமாரி மேல் ஏறிவிட்டது. இன்று பஜனைக்குத் தாளம் வேண்டுமென்றால் கைப்பேசியை ஸ்பீக்கரில் மாட்டுகிறோம். "மறுபடியும் வாசியேன்" என்று யாராவது கேட்டால், "அதெல்லாம் விட்டுப் போச்சுங்க, இனி வராது" என்கிறோம்.

உண்மையிலேயே வராதா? அதுதான் இந்த வாரப் பாடம்.

யாழை உடைக்கப் போனவர்

திருநீலகண்ட யாழ்ப்பாணர் 63 நாயன்மார்களில் ஒருவர். திருஞானசம்பந்தரின் பதிகங்களுக்கு யாழ் வாசித்தவர். திருத்தருமபுரத்தில் அவருடைய உறவினர்கள், "இவர் யாழ் வாசிப்பதால்தான் பதிகத்துக்குப் பெருமை" என்று பேசினார்கள். பாணர் மனம் நொந்து, யாழில் அடங்காத பதிகம் ஒன்றைப் பாடும்படி சம்பந்தரை வேண்டினார். சம்பந்தர் பாடினார். அதுவே யாழ்மூரிப் பதிகம். பாணர் விரல் வைத்துப் பார்த்தார், முடியவில்லை. இந்தக் கருவியால்தானே இவ்வளவும் என்று யாழை உடைக்கவே ஓங்கிவிட்டார். சம்பந்தர் தடுத்து யாழை வாங்கிக்கொண்டார். இறைவன் புகழ் முழுவதும் ஒரு கருவிக்குள் அடங்காது, வருகிற அளவுக்கு வாசியுங்கள் என்ற கருத்தில் சொல்லி, யாழைத் திருப்பிக் கொடுத்தார். பாணர் கடைசிவரை வாசித்தார் என்கிறது பெரியபுராணம்.

நமக்குள்ள பாடம் இதுதான்: வருகிற அளவுக்கு வாசித்தால் போதும். பழைய மாதிரி வரவில்லையே என்பதற்காகக் கருவியை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை.

மறந்தது எல்லாம் போய்விடவில்லை

ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஆய்வாளர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, மறந்து, மறுபடியும் படித்துத் தம்மையே சோதித்தார். 1885-இல் முடிவை வெளியிட்டார். ஒருமுறை கற்றதை மறுபடியும் கற்கும்போது முதல் தடவையைவிடக் குறைந்த நேரமே ஆகிறது. "மறந்துட்டேன்" என்று நாம் நினைப்பதிலும் கொஞ்சம் உள்ளே தங்கியிருக்கிறது. நம் பெரியவர்கள் சொல்லும் விட்ட குறை தொட்ட குறை இங்கேயும் பொருந்தும்.

எப்படித் தொடங்குவது?

1. முதலில் வாத்தியத்தைப் பாருங்கள். பல வருஷம் சும்மா கிடந்த மிருதங்கத்தில் வார் தளர்ந்திருக்கும், தோல் வெடித்திருக்கும். நீங்களே கல்லால் தட்டிச் சுருதி ஏற்றாதீர்கள். மூட்டு மாற்ற வேண்டுமா என்று தெரிந்தவரிடம் காட்டுங்கள். வயலினில் தந்திகளை ஒன்றொன்றாக மாற்றுங்கள். நான்கையும் ஒரேயடியாகக் கழற்றினால் குதிரை சாய்ந்துவிடும்.

2. மிருதங்கம் வாசித்தவர்கள் முதல் வாரம் வாயால் வாசியுங்கள். ஆதி தாளம் போட்டுக்கொண்டு "தா தீ தொம் நம்" சொல்லுங்கள். வேலைக்குப் போகும் பஸ்ஸிலேயே செய்யலாம். வயலின், ஆர்மோனியம் என்றால் சரளி வரிசையைப் பாடிப் பாருங்கள்.

3. பிறகு தினமும் 15 நிமிடம், முதல் காலத்தில் மட்டும். ஞாயிற்றுக்கிழமை சேர்த்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் கையும் வலிக்கும், மனமும் சலிக்கும்.

4. குருவைப் போய்ப் பாருங்கள். "இத்தனை வருஷம் கழிச்சு எந்த முகத்தோட போறது?" என்று தோன்றும். வெற்றிலை பாக்குப் பழத்தோடு போய் நில்லுங்கள். கற்றுக் கொடுத்தவருக்கு மாணவன் திரும்பி வருவதைவிட வேறென்ன வேண்டும்?

5. ஒரே ஒரு தேவாரத்தைத் தேர்ந்தெடுங்கள். கோயிலில் பாடுபவரிடம், "வெள்ளிக்கிழமை நான் கூட வாசிக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டால் பயிற்சி தானாக நடக்கும்.

ஏன் இது முக்கியம்?

பாணர் வாசித்த அந்த யாழ் பிற்காலத்தில் நம் வழக்கிலிருந்தே மறைந்துவிட்டது. அது எப்படி இருந்தது, எப்படி ஒலித்தது என்று அறிய சுவாமி விபுலாநந்தர் பல ஆண்டுகள் ஆராய வேண்டியிருந்தது. 1947-இல் வெளிவந்த அவருடைய 'யாழ் நூல்' அந்த உழைப்பின் பலன். வாசிக்கும் கைகள் ஒவ்வொன்றாக நின்றுபோனால் கருவியும் நின்றுபோகும். நம் மிருதங்கத்துக்கும் அந்த நிலை வர வேண்டாம்.

கலந்துரையாட

1. நம் கிளையில் முன்பு வாத்தியம் கற்றவர்கள் யார் யார்? எதனால் விட்டார்கள்?
2. வருகிற மாசி மகத்துக்குள் எந்தப் பதிகத்தை நாமே வாசித்துப் பாடலாம்?