மூன்று முறை அடித்து நிறுத்தின ராஜா: தொண்டைவலி திரும்பத் திரும்ப வரும் வீடுகளுக்கு ஒரு பாடம்

வாசிக்க: 2 இராஜாக்கள் 13:14–19, லேவியராகமம் 14:33–48



பிரசவ வார்டு, கண்புரை அறுவைச் சிகிச்சை, இருதய நோய் என்று எழுதினால் காணிக்கை அனுப்புகிறவர்களுக்கு உடனே விளங்கிவிடுகிறது. தொண்டைவலி என்று எழுதினால் சிலருக்குச் சிரிப்புதான் வரும். சுக்குக் கஷாயமும் உப்புத் தண்ணீரும் போதாதா, இதற்கு ஒரு மிஷன் ஆஸ்பத்திரி வேண்டுமா என்று சபைகளில் பேசப்போகும்போது என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பெரும்பாலான தொண்டைவலிக்கு அதுவே போதும். போதாத ஒரு வகையும் இருக்கிறது; இந்த இதழில் அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், செய்யாற்றங்கரையில் மாகறல் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் தறி நெய்து பிழைக்கிற ஒரு குடும்பம் சில காலமாக நம் ஆஸ்பத்திரிக்கு வந்துபோகிறது. அப்பா, அம்மா, பாட்டி, மூன்று பிள்ளைகள். வீட்டில் ஒரே அறை. அதில் பாதியைத் தறி எடுத்துக்கொள்ளும். மீதிப் பாதியில் ஆறு பேரும் பாய் விரித்துப் படுக்கிறார்கள். ஒரே வருஷத்தில் இந்த வீட்டிற்குள் தொண்டைவலி நான்கு தடவை வந்தது. கடைசிப் பையனுக்கு வரும், அவன் எழுந்து உட்காருவதற்குள் மூத்த பெண்ணுக்கு வரும், பிறகு அப்பாவுக்கு. எச்சில் விழுங்க முடியாது, காய்ச்சல் அனலாய்க் கொதிக்கும், கழுத்தில் நெறி கட்டும். ஒவ்வொரு முறையும் மருந்துக் கடையில் சொல்லி மூன்று நாளைக்கு மாத்திரை வாங்குவார்கள். இரண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும். மிச்ச மாத்திரையை மாடத்தில் வைத்து, அடுத்த பிள்ளைக்குக் கொடுப்பார்கள். அப்பா படுத்தால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி இல்லை. ஆகவே இதில் சிக்கனம் என்று நாம் சிரிக்க ஒன்றுமில்லை.

நான்காவது தடவைக்குப் பிறகு, ஏறக்குறைய மூன்று வாரம் கழித்து, மூத்த பெண்ணுக்கு முழங்கால் வீங்கிற்று. இரண்டு நாளில் அது வடிந்து கணுக்காலுக்குப் போயிற்று, பிறகு மணிக்கட்டுக்கு. வளருகிற பிள்ளை, ஓடியாடி விளையாடினதில் பிடித்திருக்கும் என்று எண்ணெய் தேய்த்தார்கள். பள்ளிக்கூடத்து மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கினபிறகுதான் பஸ் ஏறினார்கள். இருதயத்தின் மைட்ரல் வால்வு கசிகிறது என்று எக்கோ பரிசோதனை காட்டிற்று.

இதற்கு ருமாட்டிக் காய்ச்சல் என்று பெயர். தமிழில் கீல்வாதக் காய்ச்சல் என்றும் சொல்லுகிறார்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி தொண்டையில் வந்து இறங்குகிறது. அதை எதிர்க்க உடம்பு சேனையைத் திரட்டுகிறது. அந்தக் கிருமியின் மேலுறையும் நம் இருதயத் தசையும் வால்வும் சில அம்சங்களில் ஒன்றுபோல் இருப்பதால், திருடனைத் துரத்தி வந்த காவல்காரன் அதே நிறச் சட்டை போட்ட வீட்டுக்காரனையும் அடிக்கிற கதையாக, சேனை சொந்த இருதயத்தின் மேலேயே பாய்கிறது. தொண்டைவலி போய் இரண்டு முதல் நான்கு வாரத்தில் இது நடக்கும். 5 வயது முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கே அதிகம் வரும். மூட்டு வீக்கம் தழும்பில்லாமல் போய்விடும். இருதயத்தில் பட்ட காயம் தங்கிவிடும். ஒருமுறை வந்த பிள்ளைக்கு அடுத்த தொண்டைப் புண்ணிலும் இது வரும் ஆபத்து மற்ற பிள்ளைகளைவிடப் பல மடங்கு. ஒவ்வொரு முறையும் வால்வு இன்னும் கொஞ்சம் சிதையும்.

நம்முடைய பக்கத்தில் இது அபூர்வமா என்றால், இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையினர் 2001–2002-ல் வேலூர் மாவட்டக் கிராமப் பள்ளிகளில் 2,29,829 பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். ஆயிரத்துக்கு 0.68 பேருக்கு ருமாட்டிக் இருதய நோய் இருந்தது. ஏறக்குறைய 1,500 பிள்ளைகளுக்கு ஒருவர். முந்திய தலைமுறையைவிட இது குறைவு என்பதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறோம். முந்திய தலைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு அதே மருத்துவமனையின் இன்னொரு கணக்கு உண்டு. சுருங்கிப்போன மைட்ரல் வால்வை விரித்துவிட்ட 3,724 நோயாளிகளைப் பற்றி அங்கிருந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் 1983-ல் எழுதினார்கள். ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே வகை அறுவைச் சிகிச்சைக்கு, இத்தனை பேர்! இவர்களில் மிகப் பலருக்கு ஆரம்பம், பத்து நாள் பென்சிலினால் தீர்ந்திருக்கக் கூடிய ஒரு தொண்டைப் புண்.

இப்போது வேதபாடத்துக்கு வருவோம். எலிசா தீர்க்கதரிசி மரணப் படுக்கையில் இருக்கிறார். இஸ்ரவேலின் ராஜாவாகிய யோவாஸ் அவரைப் பார்க்க வந்து அழுகிறான். அம்புகளைப் பிடித்துத் தரையிலே அடி என்கிறார் எலிசா. ராஜா மூன்று தரம் அடித்து நிறுத்திவிடுகிறான். எலிசாவுக்குக் கோபம் வருகிறது. ஐந்தாறு தரம் அடித்திருந்தால் சீரியர் முற்றிலும் முறிந்திருப்பார்கள். இப்போது மூன்று தரம் மட்டுமே ஜெயம் என்கிறார். சிறுவயதில் இதை வாசிக்கும்போது ராஜாவின் மேல் எனக்குப் பரிதாபம் வரும். எத்தனை தரம் என்று தீர்க்கதரிசி சொல்லவில்லையே! செமினரியில் வியாக்கியானம் படித்தபோதும் அந்தப் பரிதாபம் முழுவதும் போகவில்லை. ஆனால் யோவாஸ் கேட்டிருக்கலாம் அல்லவா? போதுமா, இன்னும் அடிக்கட்டுமா என்று ஒரு வார்த்தை. அவன் கேட்கவில்லை, தனக்குப் போதும் என்று தோன்றினதும் நிறுத்திவிட்டான்.

காய்ச்சல் விட்ட மூன்றாம் நாளில் மாத்திரையை மாடத்தில் வைக்கிற வீடும் அப்படியே. நமக்குப் போதும் என்று தோன்றுகிறது. தொண்டைக்குள் இருக்கிற கிருமிக்கு அது போதவில்லை. மருத்துவர் பென்சிலின் மாத்திரை எழுதினால் பத்து நாள் முழுவதும் சாப்பிட வேண்டும். அது முடியாத வீடுகளுக்கு ஒரே தடவையில் போடுகிற நீண்டநாள் பென்சிலின் ஊசி உண்டு. எது என்பதை மருத்துவர் தீர்மானிப்பார். இன்றுவரை இந்தக் கிருமி பென்சிலினை எதிர்த்து நிற்கக் கற்றுக்கொள்ளவில்லை. மற்ற எத்தனையோ கிருமிகள் கற்றுக்கொண்டுவிட்டன. தொண்டைவலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் மருந்து ஆரம்பித்தாலும் இருதயத்தைக் காப்பாற்றலாம் என்பது இன்னொரு ஆறுதல்.

இடையில் மருந்து நின்றால் என்ன ஆகும் என்பதற்குப் பென்சிலினின் சரித்திரத்திலேயே துக்கமான ஒரு பக்கம் உண்டு. 1928-ல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் அதைக் கண்டுபிடித்தார். 1941 பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்னும் போலீஸ்காரருக்கு அதை ஊசியாகப் போட்டார்கள். முகமெல்லாம் சீழ்பிடித்துக் கிடந்தவர் சில நாளில் எழுந்து சாப்பிடத் தொடங்கினார். ஆனால் மருந்து தீர்ந்துபோயிற்று. அவருடைய சிறுநீரிலிருந்துகூடப் பிரித்தெடுத்துத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். பற்றவில்லை. நோய் திரும்பி, அடுத்த மாதம் அவர் இறந்துபோனார். அன்று உலகத்தில் மருந்து இல்லை. இன்று மாடத்திலேயே இருக்கிறது.

அப்படியானால் ஒரு வீட்டுக்குள் இது சுற்றிச் சுற்றி வருவது ஏன்? அரைகுறை மருந்து ஒரு காரணம். படுக்கிற நெருக்கம் இன்னொன்று. 1950-ஐ ஒட்டிய வருஷங்களில் அமெரிக்காவின் வையோமிங் மாநிலத்திலுள்ள வாரன் விமானப்படைத் தளத்தில் இதை ஆராய்ந்தார்கள். பென்சிலின் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுக்கலாம் என்று அங்கேதான் நிரூபித்தார்கள். படுக்கைகள் நெருங்க நெருங்கக் கிருமி பரவுவதும் கூடுகிறது என்றும் கண்டார்கள். இரும்புக் கட்டிலில் படுக்கிற சிப்பாய்க்கே அப்படியென்றால், ஒரே பாயில் ஒரே போர்வைக்குள் படுக்கிற மூன்று பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டுமா? வீட்டைப் பெரிதாக்க நம்மால் முடியாது. நோய்ப்பட்ட பிள்ளையைச் சுவர் ஓரமாய்த் தனிப் பாயில், தலைமாடு மாற்றிப் படுக்க வைக்கலாம். ஜன்னலைத் திறந்து வைக்கலாம். மருந்து ஆரம்பித்து ஒரு நாள் ஆனபின் பெரும்பாலும் பிறருக்குத் தொற்றாது. அதுவரை பள்ளிக்கூடம் வேண்டாம். டம்ளரை வாயில் வைக்காமல் அண்ணாந்து குடிக்கிற நம் பாட்டிமாரின் பழக்கம் நல்ல பழக்கம். இருமலிலும் தும்மலிலும் தெறிக்கிற துளிக்கு அது தடையாகாது என்பதையும் சொல்ல வேண்டும்.

லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தில் ஒரு வீட்டில் தோஷம் தென்பட்டால் ஆசாரியன் வந்து பார்க்கிறான். ஏழு நாள் அடைத்து வைக்கிறான். திரும்பவும் வந்து பார்க்கிறான். சுவரில் ஒரு புள்ளியைச் சுரண்டிவிட்டுப் போய்விடுவதில்லை. எங்கள் மருத்துவர் செய்ததும் ஏறக்குறைய இதுதான். மூத்த பெண்ணோடு நிறுத்தாமல் பாட்டி உட்பட ஆறு பேரையும் ஒரே நாளில் வரவழைத்து, தொண்டையிலிருந்து பஞ்சுக் குச்சியால் எடுத்துப் பரிசோதித்தார். கிருமி இருந்தவர்களுக்கு ஒன்றாகவே மருந்து கொடுத்தார். ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இது அவசியம். எல்லா வீட்டுக்கும் அல்ல. ஒரு சிலருடைய தொண்டையில் கிருமி சும்மா குடியிருக்கும், நோய் செய்யாது. அவர்களையெல்லாம் தேடி மருந்து கொடுக்க வேண்டியதில்லை. டான்சிலை எடுத்துவிட்டால் என்ன என்றும் கேட்கிறார்கள். ஒரு வருஷத்தில் ஏழு தடவை, அல்லது இரண்டு வருஷம் தொடர்ந்து ஐந்தைந்து தடவை என்ற அளவுக்குக் கடுமையாக வந்தால்தான் மருத்துவர்கள் அதை யோசிக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு வரும் தொண்டைவலியில் நூற்றுக்கு இருபது முப்பதுதான் இந்தக் கிருமியால் வருவது. மற்றவை பெரும்பாலும் வைரஸ். மூக்கு ஒழுகி, இருமலும் குரல் கம்மலும் இருந்தால் அநேகமாய் வைரஸ்தான், பென்சிலின் வீண். இருமல் இல்லாமல் திடீரென்று கடும் காய்ச்சல், கழுத்தில் நெறி, டான்சிலில் வெள்ளைத் திட்டுகள் என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்துக் கடையில் காட்டினால் போதாது.

அந்த லேவியராகமப் பகுதியைப் பேசும்போது எனக்கு ஒரு பயமும் உண்டு. அசுத்தம், தோஷம் என்ற சொற்களைக் கேட்டு, நோய் வந்த வீட்டைப் பாவம் செய்த வீடாக நினைத்துவிடுவார்கள். மாகறல் தாயார் வார்டில் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான். "நான் என்ன பாவம் பண்ணேன் ஐயா? ராத்திரியில மோர் ஊத்தின கை இந்தக் கைதான்னு மாமியார் சொல்றாங்களே." மோரினால் இது வருவதில்லை அம்மா, ஐஸினாலும் வருவதில்லை என்று அவர்களுக்கும் சொன்னேன், மறுநாள் மாமியாரை உட்கார வைத்தும் சொன்னேன். பிறவிக் குருடனைக் குறித்து, இவன் செய்த பாவமா பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது ஆண்டவர் இரண்டையும் மறுத்தார். யோவான் 9-ஆம் அதிகாரம் ஆஸ்பத்திரி வார்டுகளுக்கென்றே எழுதப்பட்டதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அந்த அம்மா நம் சபையைச் சேர்ந்தவர்கள் அல்ல. ஆனாலும் அந்தக் கதையை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார்கள்.

அந்தப் பெண்ணுக்கு இனி 21 நாளைக்கு ஒருமுறை பெனிடியூர் ஊசி. இருதயம் பாதிக்கப்பட்டிருப்பதால் குறைந்தது பத்து வருஷம், 25 வயது வரையாவது தொடர வேண்டும் என்கிறார் மருத்துவர். தடித்த மருந்து, ஊசியும் பெரிது, அன்று இரவு வரை இடுப்பு வலிக்கும். வருஷத்துக்கு பதினேழு ஊசிகள். பரீட்சை வரும், கல்யாணம் வரும், பஸ் ஓடாத மழைநாள் வரும். நான்காவது ஊசிக்கு அவர்கள் வரவில்லை. பதிவேட்டைப் பார்த்து நம் செவிலியர் ஒருவர் மூன்றாம் நாளே மாகறலுக்குப் போய் அழைத்து வந்தார்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தவை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னே அந்த ஊரார் ஏரியைப் பராமரிக்கவென்றே ஏரி வாரியம் வைத்திருந்தார்கள். கரை உடைந்தபிறகு ஓடுவதற்கு வாரியம் தேவையில்லை. உடையாமல் பார்க்கத்தான் தேவை. வால்வு மாற்றும் அறுவைச் சிகிச்சைக்கு உதவி கேட்டால் கொடுக்கப் பலர் உண்டு, நல்லது. 1990-ல் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தில் நம் நாட்டிலேயே செய்த வால்வை முதல்முறையாகப் பொருத்தினார்களே, அதுபோன்ற செய்திகளால் நெஞ்சம் நிறைகிறது. ஆனால் ஒரு பதிவேட்டுக்கும், ஒரு செவிலியரின் பஸ் கட்டணத்துக்கும் யாரும் கல்லில் பெயர் பொறிப்பதில்லை. உங்கள் காணிக்கையில் ஒரு பகுதி அதற்குத்தான் போகிறது என்பதை நீங்கள் அறிய வேண்டும் என்றே இதை எழுதினேன்.

ஜெபக் குறிப்பு: அந்தப் பெண் இப்போது ஒன்பது ஊசி முடித்திருக்கிறாள். மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது. கசிவு அப்படியே இருக்கிறது. பத்தாவது ஊசிக்கான நாள் அவளுடைய அரையாண்டுப் பரீட்சையின் நடுவில் விழுகிறது. பரீட்சை எழுதிவிட்டு மாலை பஸ்ஸில் வருவதாக அவளே சொல்லியிருக்கிறாள்.