சிவகாசி வட்டாரத்தின் இளம் விளையாட்டுச் செய்தியாளருக்கு

விளையாட்டு வீரரை விமர்சிப்பது விளையாட்டுச் செய்தியாளரின் கடமைகளில் ஒன்று. சமூக ஊடகத்தில் அந்தக் கடமை குறைவதில்லை; நடுவில் இருக்கும் உதவி ஆசிரியர்தான் இல்லாமல் போகிறார். நாளிதழுக்குப் போகும் செய்தியை மேசையில் ஒருவர் படிக்கிறார், சந்தேகம் கேட்கிறார், வெட்டுகிறார். எக்ஸ் தளத்திலும் ஃபேஸ்புக்கிலும் எழுதியவுடன் வெளியாகிவிடுகிறது. வாடிக்கையாளர் புரூஃப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் சிவகாசி அச்சகத்தில் மெஷின் ஓடும். சொந்தக் கணக்கில் எழுதும் செய்தியாளர் அந்தக் கையெழுத்தையும் தானே போட வேண்டியவர்.

முதலில் சரிபார்க்க வேண்டியது, எழுதுவது ஆட்டத்தைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா என்பது. 2021 அக்டோபர் 24 அன்று துபாயில் நடந்த டி20 உலகக்கோப்பை ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் இந்தியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. முகமது ஷமி 3.5 ஓவரில் 43 ரன் கொடுத்தார். அந்தக் கணக்கை எழுதுவதும், அவர் பந்தின் நீளம் ஏன் தவறியது என்று அலசுவதும் விமர்சனம். அன்றிரவு இணையத்தில் அவர் மதத்தைச் சொல்லி எழுதப்பட்டவை வசை. அணித் தலைவர் விராட் கோலி அதை வெளிப்படையாகக் கண்டித்தார். அடுத்த ஆண்டு ஆசியக் கோப்பையில் ஒரு கேட்சை விட்ட அர்ஷ்தீப் சிங்குக்கும் இதே கதி நேர்ந்தது; விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றிய பக்கத்தையே சிலர் திரித்தார்கள். இத்தகைய நேரத்தில் செய்தியாளர் இடும் ஒரு கேலி வரி, வசைபாடும் கூட்டத்துக்குச் சான்றிதழாகிவிடும். தோல்வி நாளில் வீரரின் கணக்கை டேக் செய்யாமல் எழுதுவது நல்ல பழக்கம்.

ஆட்டத்துக்கும் ஆளுக்கும் இடையிலான இந்த எல்லையைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்க இடம் தருகிறது. ஆனால் பொதுமக்கள் முன் வைக்கப்பட்ட படைப்பு அல்லது நிகழ்ச்சியின் தரத்தைப் பற்றி நல்லெண்ணத்துடன் சொல்லும் கருத்துக்கு அதே பிரிவு விலக்கு அளிக்கிறது. ஒரு நூலை அசட்டுத்தனமானது என்று சொல்லலாம். எழுதியவர் ஒழுக்கம் கெட்டவர், அதனால் நூலும் அப்படித்தான் இருக்கும் என்று சொன்னால் விலக்கு கிடைக்காது என்று சட்டத்தின் எடுத்துக்காட்டே காட்டுகிறது.

அடுத்து, அடைமொழி. 2019 உலகக்கோப்பையின்போது வர்ணனையாளர் சஞ்சய் மஞ்ச்ரேக்கர், ஐம்பது ஓவர் ஆட்டத்தைப் பொறுத்தவரை ரவீந்திர ஜடேஜா அதிலும் கொஞ்சம் இதிலும் கொஞ்சம் என்று ஆடுபவர் என்ற பொருளில் பேசினார். டெஸ்டில் அவர் முழுமையான பந்துவீச்சாளர் என்றும் சேர்த்தே சொன்னார். ஊரெங்கும் பரவியது அடைமொழி மட்டும். ஜடேஜா ட்விட்டரில் கடுமையாகப் பதிலடி கொடுத்தார். நியூசிலாந்துக்கு எதிரான அரையிறுதியில் அவர் 59 பந்தில் 77 ரன் எடுத்ததும், தன் கணிப்பு பொய்த்ததை மஞ்ச்ரேக்கர் ஒப்புக்கொண்டார். கணிப்பு தவறலாம், அதை ஒப்புக்கொள்வது பெருமை. ஆனால் நிபந்தனையோடு சொன்ன கருத்து, நிபந்தனை உதிர்ந்துதான் இணையத்தில் பயணிக்கும் என்பதை எழுதும்போதே கணக்கில் எடுக்க வேண்டும்.

உடலும் ஊக்கமருந்தும் இன்னும் கூடுதல் எச்சரிக்கை கேட்பவை. புதுக்கோட்டை மாவட்டத்தின் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனைக்குப் பிறகு பதக்கம் பறிக்கப்பட்டது. ரகசியமாக இருந்திருக்க வேண்டிய மருத்துவ விவரம் செய்தியாக ஓடியது. அவருடைய ஓட்டப் பயணம் அத்தோடு முடிந்தது. அது சமூக ஊடகம் பரவாத காலம். அது பரவிய பின், டோக்கியோ ஒலிம்பிக்கின்போது உலகத் தடகள அமைப்பு நடத்திய ஆய்வில், கண்டறியப்பட்ட இணைய வசைகளில் 87 சதவீதம் பெண்களைக் குறிவைத்தவை. ஒரு பெண்ணின் உடலமைப்பு செய்தியாளரின் தலைப்பு அல்ல.

ஊக்கமருந்து விவகாரத்தில் படிகள் உண்டு: முதல் மாதிரியின் முடிவு, தற்காலிகத் தடை, வீரர் கேட்டால் இரண்டாம் மாதிரி, விசாரணை, தீர்ப்பு. திருச்சி மாவட்டத்தின் கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரலில் ஆசியத் தடகளத்தில் தங்கம் வென்றார். நான்கு ஆண்டுத் தடை 2020இல்தான் அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் எந்தப் படி நடக்கிறதோ அந்தப் படியின் பெயரை மட்டும் எழுதுவதே முறை. தடை வந்த பின்னும் எழுதத்தக்கது தீர்ப்பும் அதன் காரணமும்தான். குடும்பத்தின் வறுமையை எள்ளலுக்கு இழுப்பது அல்ல.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை பக்கம் எழுதுபவருக்குத் தனிக் கவனம் ஒன்று உண்டு. இங்கே மைதானத்தில் நிற்பவர்களில் பலர் பள்ளி மாணவர்கள். பெற்றோர் பட்டாசு ஆலையிலோ தீப்பெட்டி ஆலையிலோ அச்சகத்திலோ வேலை செய்பவர்கள். மாவட்டப் போட்டியில் பெனால்டியைத் தவறவிட்ட பதினைந்து வயதுப் பையனின் பெயரைப் போட்டுக் கிண்டல் செய்தால், மறுநாள் காலைக்குள் அது பள்ளி வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். பதினெட்டு வயதுக்குட்பட்டவரின் தோல்வியில் பயிற்சி, மைதானம், தேர்வு முறை ஆகியவற்றையே விமர்சிக்க வேண்டும். தெருப் பெயரே சாதியைச் சொல்லிவிடும் ஊர்களில், தோற்றவரின் முகவரிக் குறிப்பும் வேண்டாதது.

பேட்டிக்கான நெருக்குதலும் செய்தியாளரின் நடத்தையில் அடங்கும். 2022 பிப்ரவரியில் விக்கெட் கீப்பர் விருத்திமான் சாஹா, பேட்டி தராததற்காக மிரட்டும் தொனியில் தனக்கு வந்த குறுஞ்செய்திகளை வெளியிட்டார். அனுப்பியவர் என்று தெரியவந்த விளையாட்டுச் செய்தியாளர் போரியா மஜும்தார், செய்திகள் திரிக்கப்பட்டவை என்றார். விசாரணைக்குப் பின் கிரிக்கெட் வாரியம் அவருக்கு இரண்டு ஆண்டு தடை விதித்தது. பேட்டி தர மறுப்பது வீரரின் உரிமை. அதற்குப் பழிவாங்க விமர்சனத்தைக் கையில் எடுப்பது தொழில் துரோகம்.

இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் ஒழுக்க நெறிகள் சரிபார்ப்பு, மறுப்புக்கு இடம், திருத்தம் ஆகியவற்றை வலியுறுத்துகின்றன. கவுன்சிலின் வரம்பு அச்சு ஊடகத்தோடு நின்றாலும், அந்த நெறிகளைச் சொந்தக் கணக்குக்கும் பொருத்திக்கொள்ளத் தடை ஏதுமில்லை. தவறான பதிவைச் சத்தமில்லாமல் அழிப்பது திருத்தம் ஆகாது. எது தவறு, எது சரி என்று அதே கணக்கில், அதே பதிவின் கீழ் எழுத வேண்டும். வீரர் அனுப்பும் மறுப்பையும் அங்கேயே வெளியிட வேண்டும். இந்த இரண்டையும் செய்யத் தயாராக இல்லாதவர் விமர்சனப் பதிவு எழுதாமல் இருப்பதே நல்லது.