‘அவன் எப்பவும் அப்படித்தான்’ என்றால் நம்பாதே, தங்கச்சி

துணை சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய். கர்ப்பிணிகள், தடுப்பூசிக் குழந்தைகள், சர்க்கரைக்காரர்கள், பிரஷர்காரர்கள் என்று பதிவேடு பதிவேடாக உன் கையில் கொடுத்திருப்பார்கள். அவற்றில் பெரும்பாலும் பெயர் வராத ஒருவரைப் பற்றித்தான் அக்கா இப்போது சொல்லப் போகிறேன். அறிவுசார் குறைபாட்டோடு பிறந்து, ஐம்பதையோ அறுபதையோ தொட்டுவிட்டவர். ஊருக்கு ஒருவர் இருவர் இருப்பார்கள். எண்பது வயது அம்மாவோ, கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்துவிட்ட தங்கையோ பார்த்துக்கொள்வார்கள். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு மாத்திரை வீட்டு வாசலுக்கே போகிறது. அந்த அம்மாவுக்கு பிரஷர் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டு வருகிறோம். அதே திண்ணையில் உட்கார்ந்திருக்கிற மகனுக்கு பிரஷர் பார்த்தவர் யாராவது உண்டா என்று கேட்டுப் பார். பல வீடுகளில் இல்லை என்றுதான் பதில் வரும். உன் வேலை அங்கே தொடங்குகிறது.

இவர்கள் முதுமை வரை வாழ்வதே சமீபத்தில்தான் பரவலானது. அமெரிக்காவில் 1983 வாக்கில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 25 வயதுதான். இன்று 60ஐத் தொடுகிறது. நமக்குப் பாடம் நடத்தியவர்களுக்கே இந்த முதுமையைப் பக்கத்தில் இருந்து பார்த்த அனுபவம் குறைவு. அதனால் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்வதும், கண்ணால் பார்த்துக் குறித்து வைப்பதும்தான் உனக்குப் பெரிய துணை.

எல்லாவற்றுக்கும் முதலில் ஒன்றை மனதில் வை. நேற்று வரை நன்றாக இருந்தவர் திடீரென்று கத்துகிறார், அடிக்கிறார், தட்டைத் தள்ளிவிடுகிறார், குளிக்க வரமாட்டேன் என்கிறார் என்றால், வீட்டில் ‘அவன் எப்பவும் அப்படித்தான்’ என்பார்கள். ஆஸ்பத்திரியிலும் சில நேரம் ‘இவங்களுக்கு இப்படி வரும்’ என்று தூங்க வைக்கிற மாத்திரையை எழுதி அனுப்பிவிடுவார்கள். நீ நம்பாதே. உடம்பில் எதுவும் இல்லை என்று தெரிகிற வரை அதை உடம்புக் கோளாறாகவே எடுத்துக்கொள். சொத்தைப் பல், காதில் சீழ், நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, எப்போதோ விழுந்ததில் விரிசல் விட்ட எலும்பு, நகக்கண்ணில் புண் என்று உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்துக்கொண்டே வா. ‘எங்கே வலிக்குது?’ என்று அவரிடம் கேட்டால் பதில் வராமல் போகலாம். அம்மாவிடம் கேள்: ‘இவருக்கு வலிச்சா என்ன செய்வார்?’ ஒருவர் கன்னத்தில் அறைந்துகொள்வார். ஒருவர் எப்போதும் முணுமுணுக்கிற பாட்டை நிறுத்திவிடுவார். ஒருவர் உட்காரவே மாட்டார். அந்தப் பதிலை அவர் பெயருக்குக் கீழே எழுதி வை. உன்னை மாற்றிவிட்டு அடுத்து வருகிற நர்ஸுக்கும் அது உதவும்.

முதல் தடவை போகும்போது பையைத் திறக்காதே. பெயர் சொல்லிக் கூப்பிடு. ஐம்பத்தைந்து வயது மனிதரை ‘குட்டி’, ‘பாப்பா’ என்று வீட்டார் கூப்பிடலாம். நீ ‘அண்ணா’ என்றோ ‘அக்கா’ என்றோ சொல். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வந்துவிடு. அடுத்த முறை அதே நேரத்துக்குப் போ. பிரஷர் பார்க்கும் கருவியை அவர் கையில் கொடுத்துத் தொடவிடு. முதலில் அம்மா கையில் கட்டிக் காட்டு. ‘கையை இறுக்கிப் பிடிக்கும், அப்புறம் விட்டுடும்’ என்று சொல்லிவிட்டுக் கட்டு. கை பருத்தவருக்குப் பெரிய பட்டையை எடுத்துப் போக மறக்காதே. சின்னதைக் கட்டினால் பிரஷர் கூடுதலாகக் காட்டும். விரலில் குத்துவதைக் கடைசியில் வைத்துக்கொள். குத்திவிட்டால் அன்றைக்கு வேறு எதையும் செய்யவிடமாட்டார்.

ரத்தம் எடுக்க வேண்டும் என்றால் டாக்டரிடம் முன்பே பேசி ஒரே குத்தில் எல்லாவற்றையும் முடித்துக்கொள்: ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, பி12, கொழுப்பு, கிரியாட்டினின். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர் என்றால் தைராய்டு வருஷா வருஷம் பார்க்க வேண்டும். மந்தமாக இருக்கிறார், எடை போடுகிறார், மலம் இறுகுகிறது என்பதெல்லாம் தைராய்டு குறைந்ததால் இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டி வருவதாக இருந்தால் புதன்கிழமை வேண்டாம். தடுப்பூசி நாள், குழந்தைகள் அழுகிற சத்தத்தில் இவர் மிரண்டுவிடுவார். கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் வரச்சொல். வரிசையில் நிறுத்தாமல் நேராக உள்ளே அனுப்பச் சொல்லி டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கு.

இனி மலச்சிக்கல். இதைப் பெரிதாகச் சொல்கிறேனே என்று நினைக்காதே. இங்கிலாந்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்கிற ஒரு திட்டம் 2015இல் தொடங்கியது. தவிர்த்திருக்கக் கூடிய மரணங்களைப் பேசும்போதெல்லாம் அதில் திரும்பத் திரும்ப வருகிறவை நிமோனியாவும் மலச்சிக்கலும். வயிற்றில் மலம் கட்டி, குடல் அடைத்து, ஒரு மனிதர் செத்துப்போகிறார். சொல்லத் தெரியாததால் யாருக்கும் தெரியவில்லை. நம் வீடுகளில் காரணங்கள் கண்ணுக்கு எதிரிலேயே இருக்கும். படுக்கையை நனைத்துவிடுவார் என்று பயந்து சாயங்காலத்துக்கு மேல் தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். முட்டி வலியால் குத்துக்காலிட்டு உட்கார முடியாது; பாதியில் எழுந்து வந்துவிடுவார். நாளெல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார். போதாக்குறைக்கு மனநல மாத்திரைகளில் சில, அதிலும் கை நடுக்கத்துக்குக் கொடுக்கிற டிரைஹெக்ஸிபெனிடில், குடலை மந்தமாக்கும்.

சுவரில் தொங்குகிற நாள்காட்டியில், அவர் வெளிக்குப் போன நாளில் ஒரு சுழி போடச் சொல். எழுத்தறியாத அம்மாவும் இதைச் செய்வார். மூன்று நாள் சுழி இல்லை என்றால் உன்னைக் கூப்பிடச் சொல். ஒன்றை மட்டும் தவறவிடாதே: தண்ணியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளாடையில் கசிகிறது என்றால் வயிற்றுப்போக்கு என்று நினைத்து மாத்திரை கொடுத்துவிடுவார்கள். உள்ளே கட்டியாக அடைத்திருக்க, அதைச் சுற்றிக் கசிவதாகவும் அது இருக்கலாம். அப்போது பேதியை நிறுத்துகிற மாத்திரை விஷம் மாதிரி. வயிறு உப்பி, வாந்தியும் எடுத்து, காற்றும் பிரியவில்லை என்றால் யோசிக்காமல் 108ஐக் கூப்பிடு. சாதாரண நாட்களுக்குக் காலையில் வெதுவெதுப்பான தண்ணீர், கீரை, கொய்யா, சாப்பிட்ட கையோடு பத்து நிமிஷம் கழிப்பறை. உட்காருவதற்குப் பிளாஸ்டிக் கமோடு நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் வீடுகள் உண்டு.

நிமோனியாவுக்கு வருகிறேன். வயதாக ஆக விழுங்குவது தடுமாறும். சாப்பிடும்போது இருமுகிறாரா, சாப்பிட்ட பிறகு குரல் ஈரமாகக் கரகரக்கிறதா, அடிக்கடி சளியும் காய்ச்சலும் வருகிறதா என்று கேள். உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்பதற்கு அவை அடையாளம். ஒரு வேளை சாப்பிடும்போது நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிடு. படுக்க வைத்து ஊட்டக் கூடாது. நிமிர்ந்து உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி, சின்னக் கவளமாக, முதல் கவளம் இறங்கிய பிறகு அடுத்தது. சாப்பிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. முழு அவித்த முட்டை, பரோட்டா, கறித்துண்டு, வேர்க்கடலை, முறுக்கு எல்லாம் தொண்டையில் சிக்குகிறவை. பிட்டு, மசித்து, குழம்பில் ஊறவைத்துக் கொடுக்கச் சொல். விசேஷ வீட்டுப் பந்தியில்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள். சிக்கிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. குனிய வைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கி 5 அடி. வெளியே வரவில்லை என்றால் பின்னால் நின்று அணைத்து, தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேலாக 5 அழுத்து. இதை வீட்டில் எல்லோருக்கும் செய்து காட்டிக் கற்றுக்கொடு, பக்கத்து வீட்டுப் பையனுக்கும் சேர்த்து.

காது, கண், பல் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால் பிடிவாதம் என்று முடிவு கட்டாதே, குறும்பி அடைத்திருக்கும். டவுன் சிண்ட்ரோமில் காதுத் துவாரமே குறுகல். கண்புரையும் சீக்கிரம் வரும். ஆபரேஷனுக்கு அசையாமல் படுக்க மாட்டார் என்பதால் முழு மயக்கம் தேவைப்படலாம். அதைக் கண் முகாமிலேயே சொல்லிவிடு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குக் கழுத்தெலும்பின் மேல் மூட்டு தளர்வாக இருக்க வாய்ப்புண்டு, மயக்க மருந்து டாக்டருக்கு அது முன்பே தெரிய வேண்டும்.

அடுத்து, மாத்திரைப் பெட்டியை வாங்கிக் கீழே கொட்டிப் பார். ஒவ்வொரு அட்டைக்கும் கேள்: யார் கொடுத்தது, எப்போது, எதற்காக? ‘சேட்டை பண்ணினான்னு சின்ன வயசில் கொடுத்தாங்க’ என்று பதில் வருகிற மாத்திரை இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும். ரிஸ்பெரிடோன் போன்றவை எடையையும் சர்க்கரையையும் ஏற்றும், உடம்பை விறைக்க வைக்கும், நடையைத் தள்ளாட வைக்கும். வலிப்புக்காகப் பல வருஷம் பெனிட்டாயின் சாப்பிட்டவரின் ஈறு வீங்கியிருக்கும், எலும்பு பலவீனமாகியிருக்கும். நீயாக எதையும் நிறுத்தாதே. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு நிற்காமல் வந்து உயிருக்கே ஆபத்தாகும். அட்டைகளை ஒரு கவரில் போட்டு, மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் வருகிற நாளில் அம்மாவோடு அனுப்பி, ‘இது இன்னும் தேவையா?’ என்று கேட்க வை.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர் வீட்டுக்கு ஒரு தனி வேலை உண்டு. 21ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால், அமிலாய்டு என்ற புரதம் மூளையில் இளமையிலேயே படியத் தொடங்குகிறது. நாற்பது வயதுக்குள் ஏறக்குறைய எல்லோர் மூளையிலும் அந்தப் படிவு இருக்கும். மறதி நோய் வெளியே தெரிவது பெரும்பாலும் ஐம்பதுகளில். மறதிதான் முதலில் வரும் என்று எதிர்பார்க்காதே. வாசற்படியில் கால் வைக்கத் தயங்குவார், படி இறங்கப் பயப்படுவார், தானாகச் செய்த குளியலுக்கு ஆள் தேடுவார், இதுவரை வராத வலிப்பு வரும். இன்றைய தேதி, பிரதமர் பெயர் என்று கேட்கிற சோதனைகள் இவர்களுக்குப் பயன்படாது. முன்பே தெரியாததை இப்போது மறந்துவிட்டார் என்று எப்படிச் சொல்வாய்? முன்பு எப்படி இருந்தார் என்பதுதான் அளவுகோல். முப்பத்தைந்து வயதிலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் அவர் கைலியை மடிப்பதை, டீ ஆற்றுவதை, வீட்டில் உள்ளவர்களின் பெயர் சொல்வதைப் போனில் வீடியோ எடுத்து வைக்கச் சொல். நாளைக்கு டாக்டர் முன்னால் போட்டுக் காட்ட அதைவிடப் பெரிய சான்று கிடையாது. அப்போதும் தைராய்டு, பி12, காது, கண், தூக்கத்தில் மூச்சு அடைப்பது, மனச்சோர்வு எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் மறதி நோய் என்ற முடிவுக்கு வர வேண்டும்.

பெண்களிடம் கர்ப்பப்பை பற்றிக் கேட்டுவிடு. மாதவிடாயைச் சமாளிக்க முடியவில்லை என்று இளம் வயதிலேயே எடுத்துவிடும் வழக்கம் இருந்தது. 1994இல் புனேயில் ஒரு காப்பகத்துப் பெண்களுக்கு அப்படிச் செய்தது தெரியவந்து நாடே கொதித்தது. சினைப்பையையும் சேர்த்து எடுத்திருந்தால் எலும்பு சீக்கிரமே தேய்ந்துபோயிருக்கும். எடுக்காவிட்டாலும் டவுன் சிண்ட்ரோமில் மாதவிடாய் முன்கூட்டியே நிற்கும். மார்பகத்தையும் பார். தொடையிலோ மணிக்கட்டிலோ காயமோ கயிற்றுத் தடமோ தெரிந்தால் எப்படி வந்தது என்று தனியாக விசாரி. வெட்கப்பட்டு விட்டுவிடக் கூடாத இடம் இது.

ஒரு முழுத் தாளில் அவரைப் பற்றி எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு அம்மாவிடம் கொடு. பெயர், ரத்த வகை, மாத்திரைகள், ஒவ்வாமை, வலித்தால் என்ன செய்வார், எப்படிச் சாப்பிடுவார், எதற்குப் பயப்படுவார், யார் கூட இருந்தால் அமைதியாவார். இரவு நேரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் அம்மா பதறி எல்லாவற்றையும் மறந்துவிடுவார். அந்தத் தாள் பேசும்.

அம்மாவையும் பார்த்துவிட்டு வா. அவருக்கும் பிரஷர், முட்டி வலி, தூக்கமின்மை எல்லாம் இருக்கும். தூக்கித் தூக்கி முதுகு போயிருக்கும். அவர் போய்விட்டால் என்ன ஆகும் என்று அவரே கேட்கமாட்டார், நீ பேச்செடு. சாவு நடந்த வீட்டில் மகனை வேறு வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, ‘அம்மா ஊருக்குப் போயிருக்காங்க’ என்று சொல்வார்கள். அவர் மாதக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடாமல் இளைப்பார். அப்படிச் செய்யவிடாதே. முகத்தைப் பார்க்கட்டும், வாய்க்கரிசி போடட்டும். ‘அம்மா செத்துட்டாங்க, திரும்ப வரமாட்டாங்க’ என்று தெளிவாகச் சொல்லி, கூடவே ஒருவர் இருக்கட்டும். அம்மா இருக்கும்போதே தங்கை வீட்டில் ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி என்று தங்கிப் பழக வைத்தால் இன்னும் நல்லது.

கடைசியாகக் காகித வேலை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தமிழக அரசு தருகிற மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை வருகிறதா, வங்கிக் கணக்கை அம்மாவுக்குப் பிறகு யார் பார்ப்பார்கள் என்று கேள். தனித்துவ அடையாள அட்டை இல்லை என்றால் முதலில் அதை வாங்க வை. நேஷனல் டிரஸ்டின் நிராமயா காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும், வயது வரம்பு இல்லை. பதினெட்டு வயதுக்குப் பிறகு பெற்ற தாயாக இருந்தாலும் சட்டப்படி தானாகவே காப்பாளர் ஆகிவிட முடியாது. 1999ஆம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுதான் காப்பாளரை நியமிக்கும். அம்மா உயிரோடு, நினைவோடு இருக்கும்போதே அடுத்தது யார் என்று குடும்பத்தைப் பேசவைத்து, விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்து, அடுத்த முறை அந்த வீட்டுக்குப் போகும்போது படிவத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போ.