பாலத்தின் மேல் நிற்காதீர்கள்

கேள்வி: ‘ரோம்: டோட்டல் வார்’ கேமின் ‘பார்பேரியன் இன்வேஷன்’ பகுதியை மேற்கு ரோமாக ஆடுகிறேன். டான்யூப் ஆற்றுப் பாலத்தில் ஹூணர்களை மறிக்க, என்னிடமிருந்த நல்ல காலாட்படையைப் பாலத்தின் நடுவிலேயே நிறுத்தினேன். முதலில் வந்த படையை விரட்டிவிட்டேன். அடுத்து வந்த படையிடம் எல்லாம் போய்விட்டது. பாலம் கையில் இருந்தும் ஏன் தாக்குப்பிடிக்க முடியவில்லை?
— வாசகர் ஒருவர், கோவை

பதில்: பாலத்தைத் தேர்ந்தெடுத்தது சரி. அங்கே ஒரு படை நின்றுவிட்டால் அதை வெல்லாமல் எதிரி அந்த வழியே ஆற்றைத் தாண்ட முடியாது. நீங்கள் நின்ற இடம்தான் தவறு. பாலத்தின் நடுவில் எதிரியில் எத்தனை பேர் மோத முடியுமோ, உங்களிலும் அத்தனை பேர்தான் மோத முடியும். மற்றவர்கள் பின்னால் சும்மா நிற்பார்கள்.

பாலம் உங்கள் கரையில் இறங்கும் இடத்தைப் பிறை போல வளையுங்கள். நேர் எதிரே ஒரு யூனிட், இரு பக்கமும் பாலத்தின் வாயைப் பார்த்துச் சாய்வாக ஒவ்வொன்று. மூன்றுக்கும் ‘கார்டு மோடு’ போட்டுவிடுங்கள். இல்லையென்றால் துரத்திக்கொண்டு பாலத்தில் ஏறிவிடுவார்கள். இப்போது இறங்கி வருகிறவன் மூன்று பக்கமும் அடி வாங்குவான்.

வில்லாளிகள் விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘ஃபயர் அட் வில்’லை அணைத்துவிட்டு இலக்கை நீங்களே காட்டுங்கள். கைகலப்பில் இருப்பவர்கள் மீது எய்தால் அம்பு நம் ஆட்களின் முதுகிலும் பாயும். பாலத்தின் மேல் நெருக்கிக்கொண்டு காத்திருக்கும் கூட்டத்தின் மீது எய்ய வைப்பதே சரி. முன்வரிசை தடுமாறத் தொடங்கியதும் தீ அம்புக்கு மாறுங்கள். எதிரியின் மனவுறுதியை உடைக்க அது நல்ல ஆயுதம். தளபதியே பாலத்தில் ஏறினால் எல்லா வில்லும் அவன் மீதுதான்.

1297-இல் ஸ்டிர்லிங் பாலத்தில் ஸ்காட்லாந்துத் தலைவர்கள் வாலஸும் மோரேயும் செய்ததும் இப்படிப் பாலத்தின் வாயில் காத்திருந்து அடித்ததுதான். ஆங்கிலப் படையில் ஒரு பகுதி குறுகிய பாலத்தைக் கடக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு பாய்ந்தார்கள். மீதிப் படையால் அக்கரையில் நின்று பார்க்கத்தான் முடிந்தது.

ஹூணர்களின் குதிரை வில்லாளிகள் அக்கரையிலிருந்தே எய்வார்கள். அவர்கள் கடக்கத் தொடங்கும்வரை காலாட்படையைக் கரையிலிருந்து தள்ளியே வையுங்கள். அம்புக்கு அம்பு பதில் சொல்ல உங்கள் வில்லாளிகள் போதும், ஒரு யூனிட்டில் குதிரை வில்லாளிகளைவிட அவர்கள்தான் அதிகம் பேர். ‘பார்பேரியன் இன்வேஷ’னில் சில இலகுவான யூனிட்களுக்கு நீச்சலும் தெரியும். அதனால் இரு ஓரத்திலும் கொஞ்சம் குதிரைப்படை இருக்கட்டும். கலைந்து கரையேறும்போதே அடித்துவிட வேண்டும்.

இரண்டாவது படையிடம் தோற்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜெயித்த படை அடிபட்டுத்தான் நிற்கும். பக்கத்திலேயே இன்னொரு படையை வைத்து மாற்றி நிறுத்துங்கள். இரவுச் சண்டைத் திறன் உள்ள தளபதி இருந்தால், உங்கள் முறையில் ஹூணர்களின் ஒரு படையை இரவில் தாக்குங்கள். அந்தத் திறன் இல்லாத பக்கத்துப் படைகள் உதவிக்கு வர முடியாது. காத்திருந்தால் பட்டினியில் கலைவார்கள் என்று எண்ண வேண்டாம். நாடோடிக் கூட்டமாக இருக்கும்வரை அவர்களுக்குப் பராமரிப்புச் செலவே கிடையாது.

கோத்துகள், வாண்டல்கள் போன்றவர்களின் கடைசி நகரத்தை மட்டும் பிடித்துவிடாதீர்கள். வீடிழந்தால் அவர்களும் கூட்டமாகக் கிளம்பி வருவார்கள். வரலாற்றிலும் அப்படித்தான்: 376-இல் ஹூணர்களுக்கு அஞ்சி டான்யூப் கரைக்கு வந்த கோத்துகளை வேலன்ஸ் பேரரசர் ஆற்றைக் கடக்க அனுமதித்தார். இரண்டே ஆண்டில் ஏட்ரியனோப்பிளில் அவர்களோடு நடந்த போரில் அவரே மாண்டார்.

கடைசியாக ஒன்று: எதிரி மொத்தமாக ஓடத் தொடங்கிய பிறகு குதிரைப்படையைப் பாலம் தாண்டி அனுப்பி, முடிந்தவரை துரத்திப் பிடியுங்கள். தப்பியவர்கள் அடுத்த முறை மீண்டும் அதே பாலத்துக்கு வருவார்கள்.