மஞ்சள் தாளும் மீன் குழம்பும்

இளம் பகுப்பாய்வாளருக்கு,

கடற்கரை ஊர் ஒன்றின் மீனவர்களுடைய சிறுநீரில் ஆர்சனிக்கை அளந்து எழுதப்பட்ட கட்டுரையில், கருவியைக் கையாண்ட திறத்தில் குறை காண இடமில்லை. அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் அக்கருவியின் சுடரில், ஆர்கான் வாயுவும் சிறுநீர் உப்பின் குளோரினும் இணைந்து ஆர்சனிக்கின் நிறை எண்ணாகிய 75ஐயே தாங்கி வரும் என்பதை அறிந்து, ஹீலியத்தைச் செலுத்தி அவ்வேடதாரியை விலக்கியிருப்பது தேர்ந்த கையின் வேலை. ஆயினும், கிடைத்த மொத்த அளவை "நஞ்சேற்றம்" என்று முடிவுகட்டிய ஒரே சொல் அவ்வுழைப்பு அனைத்தையும் கவிழ்த்துவிடுகிறது.

மீனிலும் இறாலிலும் நண்டிலும் மிகுந்திருப்பது ஆர்சனோபீட்டைன்; அதாவது, உடலில் மாற்றமடையாமல் இரண்டு மூன்று நாட்களில் பெரும்பாலும் சிறுநீரோடு வெளியேறிவிடுகிற, தீங்கற்றதாகக் கருதப்படும் கரிமச் சேர்மம். மேற்கு வங்கத்தில் 1983இல் தோல் மருத்துவர் கே. சி. சாகா அடையாளம் கண்ட நோய்க்குக் காரணமோ நிலத்தடி நீரிலிருந்த கனிம ஆர்சனிக். அதை உடல் மெத்தில் தொகுதி சேர்த்து வெளியேற்றுகிறது. இவ்விரண்டையும் பிரிக்காமல் தரும் எண், குழம்பையும் கிணற்றையும் ஒரே பேரேட்டில் பற்றெழுதுவதாகும்.

இம்மடலை எழுதுபவர் தொழில் பழகிய நாட்களில், துத்தநாகமும் அமிலமும் சேர்த்து எழுப்பிய ஆர்சின் வாயு, மெர்குரிக் புரோமைடு தோய்த்த தாளில் மஞ்சளும் பழுப்புமாய்ப் படிய, அந்தக் கறையைச் சன்னலோர வெளிச்சத்தில் ஒப்பிட்டுக் கண்ணாலேயே மதிப்பிடுவர். கடும் அமிலத்தில் முற்றிலும் சிதைத்தாலன்றி ஆர்சனோபீட்டைன் அவ்வாறு வாயுவாவதில்லை என்பதால், அந்த எளிய தாள் தன் இயலாமையாலேயே மீனை ஒதுக்கி வைத்தது. எல்லாவற்றையும் எண்ணவல்ல புதிய கருவிக்கு அந்த நல்ல குருட்டுத்தனம் வாய்க்காததால், "கடைசியாக மீன் சாப்பிட்டது எப்போது?" என்று கேட்கும் கடமை மாதிரிக் குப்பியை நீட்டுபவருடையதாகிறது.

சில நாட்கள் கடலுணவைத் தவிர்க்கச் செய்து, மீண்டும் மாதிரி எடுத்து, ஆர்சனிக்கின் வடிவங்களைத் தனித்தனியே பிரித்தளப்பதே முறை. பிரித்தளந்தாலும் அக்கேள்வி ஓயாது. ஏனெனில் கடற்பாசியிலும் சிப்பியிலும் உள்ள ஆர்சனிக் சர்க்கரைகள், உடலில் இருமெத்தில் வடிவமாக மாறிக் கிணற்று நீரின் சாயலிலேயே வெளிவரும்.

இவ்வளவு முதன்மையான கேள்விக்கு ஒரு கட்டம்கூட ஒதுக்காத அட்டவணை, எண்களை மட்டும் மூன்று தசம இடங்கள் வரை அடுக்கியிருப்பது எரிச்சலூட்டுகிறது. அவற்றில் இரண்டை அழித்தால் இடம் தானே கிடைக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பகுப்பாய்வாளர் ஒருவர்